காலி இடம் இல்லாத நாடு

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மக்கள் நெருக்கம் மிகுந்த நாட்டில் சுற்றுச்சூழல் சிக்கல்களும் அவற்றுக்கான தீர்வுகளும் என்பது எனக்குத் தரப்பட்ட தலைப்பு. டெல்லியின் காற்று, கங்கையின் அழுக்கு என்று நாடு முழுக்கச் சுற்றி வரலாம். அப்படிச் சுற்றினால் எந்த ஊரிலும் நான்கு நிமிடத்துக்கு மேல் நிற்க முடியாது. நான் சென்னைக்கு வடக்கே மீஞ்சூரில் வளர்ந்தவன். முப்பது ஆண்டுகள் திருவொற்றியூர்ப் பக்கம் வேதியியல் ஆசிரியராக இருந்தவன். எனக்குத் தெரிந்த ஆறு கொசஸ்தலை, தெரிந்த புகை இந்தப் பகுதிப் புகை. ஆகவே இங்கேயே நின்று பேசுகிறேன். நாடு முழுவதற்குமான கேள்வி இந்தச் சில கிலோமீட்டருக்குள் முழுதாகவே இருக்கிறது.

கும்மிடிப்பூண்டி ரயிலில் போகிறவர்களுக்கு ஓர் இடம் நன்றாகத் தெரியும். எண்ணூர் நிலையத்தைத் தாண்டி அத்திப்பட்டு புதுநகர் வருவதற்குள் வண்டி ஆற்றைக் கடக்கும். கிழக்கே பார்த்தால் முகத்துவாரம், துறைமுகம், புகையைக் கக்கும் புகைபோக்கிகள். மேற்கே பார்த்தால் அகன்ற நீர்ப்பரப்பு, நடுநடுவே மேடு, தூரத்தில் வள்ளூர் அனல்மின் நிலையம். பெட்டியில் இருப்பவர்களில் பலர் பார்த்துவிட்டுச் சொல்வது ஒன்றுதான்: "எவ்வளவு இடம் சும்மா கிடக்குது பாருங்க."

இன்று நான் பேச வந்தது அந்த ஒரு வார்த்தையைப் பற்றித்தான். இந்த நாட்டில் சும்மா கிடக்கும் இடம் என்று ஒன்று கிடையாது. 2011 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் ஒரு சதுர கிலோமீட்டருக்கு 382 பேர். தமிழ்நாட்டில் 555 பேர். அன்றைய சென்னை மாவட்டத்தில் 26,553 பேர். இந்த நெருக்கத்தில் யாருடைய கையும் காலும் படாத நிலம் எங்கே இருக்கும்? ஆவணத்தில் புறம்போக்கு என்று எழுதியிருக்கும். ஆனால் அங்கே ஒருவர் இறால் பிடிக்கிறார், ஒருவர் மாடு மேய்க்கிறார், ஒருவர் உப்பு வாரினார், மழைக்காலத்தில் வெள்ளம் வந்து படுக்கிறது. வெள்ளத்துக்கும் படுக்க இடம் வேண்டும். அந்த இடத்தைக் காலி என்று படித்ததுதான் இந்தப் பகுதிக்கு நேர்ந்த முதல் தீங்கு. மற்றவை அதன்பின் வந்தவை.

வள்ளூர் என்ற பெயரை முன்பு அணைக்கட்டோடு சேர்த்துத்தான் சொல்வார்கள். செய்தித்தாள்கள் வல்லூர் என்றும் எழுதும். மீஞ்சூருக்குப் பக்கத்தில் கொசஸ்தலை ஆற்றின் குறுக்கே கட்டிய சிறிய அணை அது. தண்ணீரைத் தேக்கி வாய்க்கால்களுக்குத் திருப்பிவிடும். பூண்டியிலிருந்து வரும் ஆறு அதைத் தாண்டி எண்ணூர்க் கழியில் கலக்கும். இப்போது வள்ளூர் என்றால் மின்சாரம். தேசிய அனல்மின் கழகமும் தமிழ்நாடு மின்வாரியமும் சேர்ந்து அமைத்த நிலையம், 500 மெகாவாட் அலகுகள் மூன்று, 2012 முதல் 2015 வரை ஒன்றன்பின் ஒன்றாக ஓடத் தொடங்கின. அதற்கு முன்பே வடசென்னை அனல்மின் நிலையத்தின் முதல் கட்டம் 630 மெகாவாட்டோடு வந்துவிட்டது; பிறகு இரண்டாம் கட்டம் 1,200. 2024 மார்ச்சில் மூன்றாம் கட்டமாக இன்னொரு 800. எண்ணூர்ப் பழைய நிலையம் 1970 முதல் ஓடி 2017-ல் நிறுத்தப்பட்டது. அதன் இடத்தில் புதிய 660 மெகாவாட் நிலையம் கட்ட வேண்டும் என்று 2024 டிசம்பரில் எர்ணாவூரில் கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்தது. வாயலூரில் 1,320 மெகாவாட்டுக்குக் கட்டுமானம் நடக்கிறது. அந்தக் கட்டுமானத்தில்தான் 2025 செப்டம்பர் 30 அன்று சாரம் சரிந்து ஒன்பது தொழிலாளர்கள் இறந்தார்கள். பிழைப்புக்காக நாட்டின் இன்னொரு மூலையிலிருந்து வந்தவர்கள் அவர்கள்.

நான் வேதியியல் ஆசிரியர். கணக்குப் போடாமல் என்னால் பேச முடியாது, பொறுத்துக்கொள்ளுங்கள். நம் நிலக்கரியை எரித்து ஒரு யூனிட் மின்சாரம் எடுக்க 650 கிராமுக்குக் குறையாமல் கரி வேண்டும். அந்தக் கரியில் நூற்றுக்கு 30 முதல் 40 பங்கு சாம்பல். ஆக ஒரு யூனிட்டுக்கு ஏறக்குறைய 200 கிராமாவது சாம்பல் மிஞ்சும். 2016 முதல் தமிழ்நாட்டில் ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். அந்த நூறு யூனிட்டும் இப்படிப்பட்ட கரியிலிருந்து வந்தால், ஒரு வீட்டின் இலவச மின்சாரத்துக்கு மட்டும் 20 கிலோ சாம்பல். கல்யாண வீட்டில் வாங்கும் சின்ன அரிசி மூட்டை அளவு. வள்ளூர் நிலையம் முழுத் திறனில் ஒரு நாள் ஓடினால் 3 கோடியே 60 லட்சம் யூனிட். சாம்பல் ஏறக்குறைய 7,000 டன். பத்து டன் லாரியில் ஏற்றினால் 700 லாரி. இது ஒரு நிலையத்துக்கு, ஒரு நாளைக்கு.

அந்தக் கரியும் எங்கிருந்தோ வருவதுதான். ஒடிசாவின் தால்சேர் சுரங்கங்களில் வெட்டி, ரயிலில் பாரதீப் துறைமுகத்துக்குக் கொண்டுவந்து, கப்பலேற்றி எண்ணூரில் இறக்குகிறார்கள். தால்சேரும் மனிதர்கள் வாழும் இடம். அங்கே குழி விழுகிறது, இங்கே மேடு எழும்புகிறது.

மேடு எங்கே எழும்புகிறது என்பதற்கு வருகிறேன். சாம்பலைத் தண்ணீரில் கரைத்துக் கூழாக்கிக் குழாய் வழியே சாம்பல் குளத்துக்கு அனுப்புவது பழைய முறை. வடசென்னை நிலையத்தின் குழாய்கள் ஆற்றின் ஓரமாகவும் குறுக்காகவும் போகின்றன. பல ஆண்டுகளாக அவற்றில் கசிவு. கசிந்த கூழ் ஆற்றில் இறங்கிப் படிந்தது. 2022 ஜூலையில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு, சாம்பலால் எண்ணூர்ச் சதுப்பு நிலத்துக்கு நேர்ந்த கேட்டுக்கு மின்வாரியத்தைப் பொறுப்பாக்கிச் சீரமைக்க உத்தரவிட்டது. சாம்பல் குளத்தை ஒட்டியே செப்பாக்கம் என்ற சிறிய ஊர் இருக்கிறது. காற்று வீசும் கோடையில் அங்கே தண்ணீர்ச் சொம்பை மூடாமல் வைக்க மாட்டார்கள். விருந்தாளிக்குக் கொடுக்கும் டம்ளரின் வாயைக் கையால் மூடித்தான் கொண்டு வருவார்கள். மரியாதைக்காக அப்படிச் செய்கிறார்கள் என்றுதான் முதல் தடவை நான் நினைத்தேன்.

பல ஆண்டுகளுக்கு முன் என் மாணவர்கள் சிலரோடு காட்டுக்குப்பம் பக்கம் ஆற்றோரம் நின்றேன். இருளர் பெண் ஒருவர் மார்பளவு தண்ணீரில் இறால் தடவிக்கொண்டிருந்தார். வலை இல்லை, தூண்டில் இல்லை. இரண்டு கைகளையும் அடிமண்ணில் அரைவட்டமாகத் துழாவி, விரலில் இறால் பட்டதும் அப்படியே அழுத்திப் பிடித்து, பனையோலைப் பறியில் போடுவார். பறியின் விளிம்பைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்ததால் அவரால் பேச முடியாது. கரையேறிய பிறகுதான் பேசினார். பறியில் ஒரு கைப்பிடி இறால் இருந்தது.

"முன்ன இந்நேரத்துக்கு நெறஞ்சிடும் சார். இப்ப கீழ மண்ணு எங்க இருக்குது, சாம்பலுதான். கை வெச்சா வழுக்குது. எறா தங்க மாட்டேங்குது."

என் மாணவன் ஒருவன் அடிமண்ணை ஒரு பிடி எடுத்து வந்தான். நீலம் கலந்த சாம்பல் நிறம். விரலிடையில் பசை மாதிரி ஒட்டியது. இறால் பகலில் மண்ணுக்குள் புதைந்து கிடக்கும் உயிர். புதையத்தக்க மண் இல்லையென்றால் அது வேறு இடம் போகும், அல்லது போக இடமில்லாமல் அழியும். அந்தப் பெண்மணி சொன்னதை விளக்க எனக்கு ஒரு முழு வகுப்பு தேவைப்பட்டது.

குப்பத்து மீனவர்கள் ஆற்றைப் பாடு போட்டுப் பங்கிட்டுக்கொள்கிறவர்கள். எந்த இடத்தில் யார், எந்த நாளில் வலை விடுவது என்பதற்கு முறை உண்டு. ஆட்கள் அதிகம், ஆறு ஒன்று. ஆகவே முறை. மக்கள் நெருக்கத்தை எப்படிச் சமாளிப்பது என்ற கேள்விக்கு இந்த மக்கள் நமக்கு முன்பே கண்டுபிடித்த விடை அது. அவர்கள் இப்போது சொல்வது, "ஆழமே போச்சு, ஆறு மேடாயிடுச்சு" என்பது. அதற்கு மேல் இன்னொன்றும் வந்து சேர்ந்திருக்கிறது. காக்கா ஆழி என்று அவர்கள் அழைக்கும் கருப்புச் சிப்பி. தென் அமெரிக்காவைச் சேர்ந்தது, கப்பல்களோடு வந்து இறங்கியிருக்கிறது. அடிமண்ணில் கம்பளம் விரித்த மாதிரி கொத்துக் கொத்தாகப் படர்ந்து, இறாலுக்கும் மஞ்சள் மட்டிக்கும் இடமில்லாமல் செய்கிறது. காலை வைத்தால் கிழிக்கும்.

இங்கே சிலர் ஒரு பதில் வைத்திருப்பார்கள். "எல்லாவற்றுக்கும் மக்கள்தொகைதான் காரணம், ஜனம் பெருகினால் மின்சாரம் வேண்டும், மின்சாரம் வேண்டுமென்றால் சாம்பல் வரத்தான் செய்யும்." படித்தவர்கள்தான் இதை அதிகம் சொல்கிறார்கள். எனக்கு இது ஏற்புடையதில்லை. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில் தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாகப் பிறக்கும் குழந்தைகள் 1.8. நாடு முழுவதும் 2.0. மக்கள்தொகை தன்னளவில் நிலைத்து நிற்கத் தேவையான 2.1-ஐ விட இரண்டும் குறைவு. குடும்பத்தைச் சிறிதாக்கும் வேலையை நம் தாய்மார்கள் முடித்துவிட்டார்கள். சாம்பல் மட்டும் குறையவில்லை. குளிர்பதனம் செய்த மாடி வீட்டில் நால்வர் செலவழிக்கும் மின்சாரத்தை, குப்பத்தில் ஒரு தெருவே செலவழிக்காது. சென்னையின் விளக்குக்கான சாம்பல் சென்னையின் எல்லைக்கு வெளியே, திருவள்ளூர் மாவட்டத்தில் கொட்டுகிறது. 2011-ல் மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தபோது கத்திவாக்கமும் திருவொற்றியூரும் மணலியும் உள்ளே போயின. வள்ளூர் வெளியேதான் நின்றது. நெருக்கம் என்பது தலைகளின் எண்ணிக்கை மட்டுமல்ல. பலருடைய பாரத்தைச் சிலருடைய தலையில் இறக்கி வைப்பதும் நெருக்கம்தான். எண்ணூரில் மூச்சு முட்டுவது இரண்டாவது வகை நெருக்கத்தால்.

தண்ணீர் விஷயத்தில் இதை நான் என் வீட்டிலேயே பார்த்தேன்.

1960-களின் பிற்பகுதியில் ஐ.நா. உதவியோடு நடந்த ஆய்வில் மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் பகுதிகளில் நல்ல நிலத்தடி நீர் இருப்பது தெரிந்தது. கிணறுகள் தோண்டி நகரத்துக்கும் மணலித் தொழிற்சாலைகளுக்கும் இறைத்தார்கள். வயலுக்கும் இறைத்தார்கள். கீழே நன்னீர் குறையக் குறையக் கடல்நீர் உள்ளே ஏறியது. 1969-ல் கரையிலிருந்து 3 கிலோமீட்டர் வரை இருந்த உப்பு, 1983-ல் 7 கிலோமீட்டர், 1987-ல் 9 கிலோமீட்டர் என்று வந்தது. இந்த எண்களை நான் பிற்பாடு புத்தகத்தில் படித்தேன். அதற்கு முன்பே என் அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. எங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகவில்லை. துவரம்பருப்பு எத்தனை நேரம் கொதித்தாலும் அப்படியே முழுசாகக் கிடந்தது. மளிகைக்காரர் பழைய பருப்பைத் தள்ளிவிட்டார் என்று அம்மா இரண்டு தடவை கடைக்குப் போய்ச் சண்டை போட்டார். மூன்றாவது தடவை பக்கத்துத் தெருவிலிருந்து தண்ணீர் கொண்டு வந்து வேக வைத்தார், வெந்தது. அன்றைக்கு அவர் கடைக்காரரிடம் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தார். கிணற்றுக்காக மன்னிப்புக் கேட்க எங்களிடம் யாரும் வரவில்லை. 2010-ல் அதே மீஞ்சூரின் பெயரில் காட்டுப்பள்ளியில் கடல்நீரிலிருந்து நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் எடுக்கும் ஆலை திறக்கப்பட்டது. மண்ணுக்கடியில் இயற்கை வைத்திருந்ததை நாற்பது ஆண்டுகளில் கெடுத்துவிட்டு, மின்சாரம் செலவழித்து அதையே செய்கிறோம். அந்த மின்சாரத்துக்கும் சாம்பல் உண்டு.

சரி, இத்தனை சட்டங்கள் இருந்தும் இது எப்படி நடக்கிறது? போபால் விஷவாயுக் கசிவுக்குப் பிறகு 1986-ல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1991-ல் கடற்கரை ஒழுங்குமுறை அறிவிப்பு. 1994-லும் 2006-லும் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிப்புகள். மாசுபடுத்தியவரே ஈடு தர வேண்டும் என்ற நெறி நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் 1996-ல் அறிவித்தது நம் வேலூர்த் தோல் தொழிற்சாலை வழக்கில். சட்டத்துக்குப் பஞ்சமில்லை. ஒரு தடவை வகுப்பறைச் சன்னல்களில் படிந்த கரித்தூளைத் தாளில் வழித்து எடுத்துக்கொண்டு ஓர் அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். "சார், எங்க அளவு வரம்புக்குள்ளதான் இருக்கு. நீங்க பக்கத்துல போய்க் கேளுங்க" என்றார். பக்கத்திலும் அதே பதில். அவர்கள் இருவருமே பொய் சொல்லவில்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன். சிக்கலே அங்கேதான் இருக்கிறது. மின் நிலையம் தனியாக மதிப்பிடப்படுகிறது. துறைமுகம் தனியாக. சுத்திகரிப்பு ஆலை, உர ஆலை, கரிக் கிடங்கு, லாரிச் சாலை ஒவ்வொன்றும் தனியாக. தாளில் ஒவ்வொன்றும் வரம்புக்குள் இருக்கும். குழந்தையின் நுரையீரலுக்குள் எல்லாம் ஒன்றாகத்தான் போகும்.

ஜப்பானில் இதே கேள்வி ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பு நீதிமன்றத்துக்கு வந்தது. நம்மைப் போலவே நெருக்கமான நாடு. யொக்காய்ச்சி என்ற நகரில் 1950-களின் இறுதியில் பெட்ரோ ரசாயனத் தொழிற்சாலைகள் வரிசையாக எழுந்தன. மீனில் எண்ணெய் வாடை அடித்தது. பிறகு மக்களுக்கு ஆஸ்துமா. ஆற்று முகத்துவாரத்தில் இசோட்சு என்ற மீனவக் குடியிருப்பு, நம் முகத்துவாரக் குப்பம் மாதிரி. அங்கிருந்து ஒன்பது பேர் 1967-ல் ஆறு நிறுவனங்கள் மீது வழக்குப் போட்டார்கள். 1972 ஜூலை 24 அன்று தீர்ப்பு வந்தது: உங்கள் புகைகள் ஒன்றாகக் கலந்துதான் இவர்களை நோயாளிகளாக்கின, ஆகவே ஆறு பேரும் கூட்டாகப் பொறுப்பு. அதோடு நிற்கவில்லை. தொழிற்சாலைக்கு ஒரு வரம்பு என்பதை விட்டு, ஒரு வட்டாரத்தின் வானத்துக்கு மொத்தமாக இவ்வளவுதான் என்று கணக்கு வைக்கும் முறையை அந்த மாகாணம் அதே ஆண்டில் கொண்டு வந்தது. 1974-ல் அது நாட்டுச் சட்டமானது. நோயாளிகளுக்கு ஈட்டுத்தொகை தர 1973-ல் தனிச் சட்டம்.

எண்ணூர்–மணலி வட்டாரத்துக்கு நான் முதலில் கேட்பது இதைத்தான். காற்றுக்கு மொத்தக் கணக்கு, ஆற்றுக்கு மொத்தக் கணக்கு. 2009-ல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாட்டின் தொழிற்பகுதிகளுக்கு மதிப்பெண் போட்டது. 70-ஐத் தாண்டினால் மிக மோசமான பகுதி. மணலிக்கு 76.32. 2018-ல் மறுபடி போட்டபோது அது இன்னும் கூடியிருந்தது. மதிப்பெண் போடத் தெரிகிறது. அதை வைத்து இனி ஏற்றக் கூடாது என்று சொல்லத் தெரியவில்லை. பாத்திரம் நிரம்பி வழியும்போது அடுத்த குவளை சிறியதா பெரியதா என்று ஆராய்வதில் பொருளில்லை. இந்த வட்டாரத்தில் இனி ஒரு நிலக்கரி நிலையமும் கூடாது. இது என் முடிவான கருத்து.

இருக்கும் நிலையங்களுக்கு என்ன செய்வது? புகையிலுள்ள கந்தகத்தைப் பிடிக்கும் கருவி பொருத்த வேண்டும் என்று 2015 டிசம்பரில் விதி வந்தது. இரண்டு ஆண்டு கெடு. கெடு நீண்டது, மறுபடி நீண்டது, கடைசியில் 2025 ஜூலையில் நாட்டின் பெரும்பாலான அலகுகளுக்கு அந்தக் கட்டாயமே விலக்கப்பட்டது. பெருநகரங்களுக்குப் பக்கத்தில் உள்ளவற்றுக்குக் கடமை நிற்கிறது, 2027 இறுதி வரை கெடு. சென்னையை ஒட்டிய நிலையங்களுக்கு அந்தத் தேதி இன்னொரு தடவை தள்ளப்படாமல் பார்த்துக்கொள்வது நம் சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்களின் வேலை. நேரில் பார்க்கும்போது அவர்களிடம் கேளுங்கள்.

சாம்பலுக்குத் தீர்வு கண்ணெதிரே இருக்கிறது. சிமென்டிலும் செங்கல்லிலும் சாலை மேட்டிலும் அது பயன்படும். 1999-லிருந்து அறிவிப்புகள் வருகின்றன. 2021 டிசம்பர் அறிவிப்பு முழுச் சாம்பலையும் பயன்படுத்தச் சொல்கிறது, பயன்படுத்தாத ஒவ்வொரு டன்னுக்கும் 1,000 ரூபாய் ஈடு விதிக்கிறது, பழைய குளங்களில் கிடப்பதையும் பத்து ஆண்டுக்குள் எடுக்கச் சொல்கிறது. உலர்ந்த சாம்பலாக எடுத்துச் சிமென்ட் ஆலைக்கு அனுப்பினால் குழாயும் வேண்டாம், கசிவும் வேண்டாம். வசூலாகும் ஈட்டுத்தொகை செப்பாக்கத்துக்கும் காட்டுக்குப்பத்துக்கும் வர வேண்டும் என்பது மட்டும் என் கூடுதல் கோரிக்கை.

தண்ணீருக்கு நல்ல எடுத்துக்காட்டு பக்கத்திலேயே உள்ளது. கொடுங்கையூரில் நகரத்தின் கழிவுநீரை மூன்று கட்டமாகச் சுத்திகரித்து, நாளொன்றுக்கு நாலரைக் கோடி லிட்டரை இந்தப் பகுதித் தொழிற்சாலைகளுக்குக் கொடுக்கிறார்கள். தொழிற்சாலைக்கு மீஞ்சூர்க் கிணற்று நீர் தேவையில்லை என்பது மெய்ப்பிக்கப்பட்டுவிட்டது. இதை இன்னும் பெரிதாக்க வேண்டும். திருப்பூரில் 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டபோது ஊரே அழிந்துவிடும் என்றார்கள். கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடாத முறைக்கு மாறிய பட்டறைகள் இன்றும் நடக்கின்றன. உறுதியாகச் சொன்னால் தொழில் வழி கண்டுபிடிக்கும்.

ஆற்றுக்கு வருகிறேன். அடையாறும் கூவமும் சேர்ந்து தாங்கும் வெள்ளத்தை விட அதிகம் தாங்க வேண்டிய ஆறு கொசஸ்தலை. அதன் முகத்துவாரம் அடைபட்டால் மணலி புதுநகர் மூழ்கும். 2015-ல் மூழ்கியது, 2021-ல் மூழ்கியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வெள்ளம் மட்டும் வரவில்லை, சிபிசிஎல் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைப் பக்கமிருந்து எண்ணெயும் வந்தது. பக்கிங்காம் கால்வாய் வழியே கழிக்குள் புகுந்து, அலையாத்தி வேர்களில், படகுகளில், வலைகளில், வீட்டுச் சுவர்களில் கோடு போட்டது. கூழைக்கடாக்கள் சிறகு கருத்து நின்றன. எண்ணெய் போவதற்குள், டிசம்பர் 26 நள்ளிரவில் பெரியகுப்பத்தில் கோரமண்டல் உர ஆலைக்கான கடலடிக் குழாயில் அம்மோனியா கசிந்தது. தூக்கத்தில் இருந்தவர்கள் கண்ணும் நெஞ்சும் எரியக் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். அம்மோனியாவுக்கு ஈரத்துணியை மூக்கில் கட்டிக்கொண்டு, காற்று வரும் திசைக்குக் குறுக்காக விலகி ஓட வேண்டும். இதை நான் முப்பது ஆண்டுகளில் ஒரு வகுப்பிலும் சொல்லித்தரவில்லை. பாடத்தில் இல்லை என்று விட்டுவிட்டேன். என் பங்குக்கு அது பெரிய தவறு. இந்தப் பகுதிப் பள்ளிகள் ஒவ்வொன்றிலும் அது சொல்லித்தரப்பட வேண்டும், ஆலைகளின் அபாயச் சங்கு குப்பத்துக்கும் கேட்க வேண்டும்.

2017 ஜனவரி 28 அன்று துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோது, எர்ணாவூர்ப் பாறைகளில் இளைஞர்கள் வாளியால் அள்ளினார்கள். உலகமே அந்தப் படத்தைப் பார்த்தது. ஏறக்குறைய ஏழு ஆண்டுக்குப் பிறகு, 2023 டிசம்பரில், மறுபடி குப்பத்து ஆட்கள்தான் படகில் போய் எண்ணெயை அள்ளினார்கள். ஆற்றை அளக்கவும் காக்கவும் தெரிந்தவர்கள் அவர்கள். எங்கே ஆழம், எங்கே சாம்பல் திட்டு, எந்தக் கால்வாய் அடைபட்டது என்பதை அதிகாரிகளின் வரைபடம் வருவதற்கு முன்பே சொல்லக்கூடியவர்கள். சாம்பலை வாரும் பணியிலும், கழியின் எல்லையைக் குறிக்கும் பணியிலும் அவர்களைக் கூலிக்கு மட்டும் வைக்காமல், முடிவெடுக்கும் இடத்தில் வைக்க வேண்டும். வெள்ளம் படுக்கும் இடத்தையும் இறால் வளரும் இடத்தையும் வருவாய்த் துறைப் பதிவேட்டில் அந்தப் பயன்பாட்டின் பெயரிலேயே எழுத வேண்டும். புறம்போக்கு என்று எழுதியிருக்கும் வரை யாராவது ஒருவர் வந்து கேட்டுக்கொண்டே இருப்பார்.

இன்னும் இரண்டு நிமிடம். மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். 2006 அறிவிப்பின்படி, பெரிய திட்டம் வரும்போது கருத்துக் கேட்புக் கூட்டத்துக்குக் குறைந்தது 30 நாள் முன்பு அறிவிப்புத் தர வேண்டும். திட்டத்தின் சுருக்கத்தைத் தமிழிலும் வைக்க வேண்டும். அந்தத் தமிழ்ச் சுருக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். குப்பத்தில் உட்கார்ந்து உரக்கப் படித்துக் காட்டுங்கள். அதில் "தரிசு", "காலி நிலம்", "பயன்பாட்டில் இல்லை" என்று வரும் ஒவ்வொரு இடத்திலும் நிறுத்தி, அங்கே யார் என்ன வேலை செய்கிறார்கள் என்று கேட்டு எழுதுங்கள். எழுதியதைக் கையெழுத்தோடு கூட்டத்துக்கு முன்பே அனுப்புங்கள். பதிவில் ஏறிய ஆட்சேபத்துக்குத் திட்டத்தைக் கொண்டு வருபவர் பதில் சொல்லியாக வேண்டும். தட்டச்சு செய்ய ஆள் வேண்டுமென்றால் நான் இருக்கிறேன், மீஞ்சூரில்தான் இருக்கிறேன்.